எட்டாவது அடியில் பத்மாசினி

பத்மாசினியின் நிறை அறுபது கிலோ. கலியாணத்தன்று அப்படித்தான் இருந்தது. பதினெட்டு வருடமாக அதை ஒரு கிராமும் ஏறவிடாமல் வாயாலேயே காப்பாற்றி வருகிறாள். உண்மையைச் சொல்லும் கிளினிக் கொப்பி அரிசி வாளிக்குள் கிடக்கிறது.

அவள் புருசன் சிவரூபன், நல்லூரில் பௌதிகவியல் ரியூசன் மாஸ்டர். வீட்டு மாடிக்கு வெளியே தொங்கும் ரியூசன் விளம்பரத்தில் அவருடைய முகத்தை ஒரு வேப்பங்கொப்பு மறைத்துவிட்டது. முகம் தெரியாமல் பிள்ளைகள் எப்படிச் சேரும்? தெரிந்தால் சேருமா என்பது வேறு கதை.

கொப்பை வெட்ட மாஸ்டர் போட்ட பதினாறு அடிப் பலகையின் நடு, மாடியின் அரைச்சுவரில். உள்முனை ஒரு மேசையில். மற்றப் பாதி தெருவுக்கு மேலே.

"நான் எழுபது கிலோ, சுவரிலையிருந்து ஆறடி வெளியாலை நிப்பன். பெருக்கினா நானூற்றியிருபது. நீர் அறுபது, உள்ளுக்கை எட்டாவது அடியிலை இரும். நானூற்றியெண்பது. பலகை கிளம்பாது. ஆனா இடத்தை விட்டு அரக்கக்கூடாது!"

"ஓம், ஓம். எனக்கும் பாடமெடுக்காதேங்கோ."

அவர் கத்தியோடு வெளியே நடந்து கொப்பை வெட்டத் தொடங்கவும், கீழே ஆட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது. எதிர்வீட்டுத் தேவராசாவின் மருமகள் தாரிகா! 'இனி உந்தப் படலை மிதியன்' என்று ஆறு மாதத்துக்கு முன் ஒழுங்கைக்கே கேட்கக் கத்திவிட்டு வீட்டைவிட்டுப் போனவள்.

பத்மாசினி எழும்பவில்லை. இருந்தபடியே சுவர்ப்பக்கம் அரக்கினாள். ஏழாவது அடியில் தலை தெரிந்தது. ஆறாவதில் சூட்கேஸ். ஐந்தாவதில், அட முருகா, வயிறு!

"இஞ்சாருங்கோ, ஏழு மாசம் இருக்கும்!"

குரல் பக்கத்தில் கேட்க, சிவரூபன் திரும்பினார். முகம் வெளிறியது.

"எத்தினையாவது அடியிலை இருக்கிறீர்?"

"அஞ்சு."

"அஞ்சு அறுபது முந்நூறு. நான் இப்ப கீழை கிடக்கவேணும்!"

"கிடக்கேல்லைத்தானே. வெட்டுங்கோ."

உயிர் பிழைத்தது போதாது மாஸ்டருக்கு. கணக்குப் பிழைத்தது பொறுக்கவில்லை. "நானூற்றியிருபதை அஞ்சாலை பிரிச்சா…" அவர் குரல் வகுப்பில்போல உயர்ந்தது. தாரிகா அண்ணாந்தாள். படலைக்கு வந்த தேவராசாவும் அண்ணாந்தார். "அப்ப உமக்கு ஆகக் குறைஞ்சது எண்பத்தி…"

பத்மாசினி ஒரு காலைத் தரையில் ஊன்றி மெல்ல எழும்பினாள். உள்முனை மேசையை விட்டு ஒரு விரல் உயரம் கிளம்பியது.

"எத்தினை?"

"அறுபது!" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினார் சிவரூபன். "அறுபதேதான்! இரும், பத்மா!"

அவள் இருந்தாள். பலகை முனகியது.