அமைதியான ஜெர்மன்காரன்

சனிக்கிழமை காலை எட்கர் ஓல்ட்ராய்ட் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது பழைய சிப்பாய்கள் கிளப்பிலிருந்து பிரெண்டா போன் செய்தாள்.

"எட்கர், பிரான்ஸ்லேருந்து உங்க ஆளுங்களுக்கு ஒரு மரப்பெட்டி வந்திருக்கு. தொறந்து பாத்தேன். உள்ள ஒரு சாக்குப் பொம்ம. மூணடி இருக்கும். முதுகுல பாராசூட் கயிறெல்லாம் தொங்குது. ஏதோ பண்ணையில பரண இடிக்கறப்ப கெடச்சுதாம். போர் சமயத்துல ஆப்பிள் மரத்துல தொங்கிக்கிட்டிருந்துச்சாம்."

எட்கர் முட்டையைத் திருப்பிப் போட மறந்தார். ஆனாலும், "அப்படியா, நல்லது" என்றார்.

"இடுப்புல ஒரு சிகரெட் டப்பாவ கம்பி போட்டுக் கட்டியிருக்கு. அதுல உங்க பேரும் நம்பரும் வெட்டியிருக்கு."

முட்டை கருகியது.

"மூடிய தொறந்தியா?"

"இல்ல. தொறக்கவா?"

"தொடாதே கண்ணு! வெடிச்சாலும் வெடிச்சுரும்."

"சிகரெட் டப்பாவா?"

"உனக்குத் தெரியாது. ஜெர்மன்காரன் எதுல வேணும்னாலும் வைப்பான்."

எழுபத்து மூன்று வயதில் அவ்வளவு வேகமாகப் பொய் சொல்ல முடிந்ததில் அவருக்கே கொஞ்சம் பெருமை. பழக்கம்தான் காரணம். ஐம்பது வருடப் பழக்கம்.

அந்த டப்பா டோரின் கொடுத்தது. கல்யாணத்துக்கு முன்னால், அவர் விமானம் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்பு, ரயில் நிலையத்தில் வைத்துக் கொடுத்தாள். திரும்பி வந்தவரிடம் டப்பா எங்கே என்று அவள் கேட்ட முதல் நிமிடத்திலேயே எட்கர் வாய் கூசாமல் சொல்லிவிட்டார்: நெஞ்சுக்கு வந்த குண்டை அந்த டப்பா வாங்கிக்கொண்டது, அதோடு அது போயிற்று, உயிர் மட்டும் மிச்சம். டோரின் அழுதாள். அடுத்த மாதமே கல்யாணம். அன்றிலிருந்து மீன் கடை வரிசையில், தேவாலயத்தில், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டேகூட, டோரின் இந்தக் கதையைச் சொல்லாத இடமில்லை. "மூணு ஷில்லிங் டப்பா. என் புருஷன் உயிர காப்பாத்திச்சு" என்பாள். அந்த ஊரில் அது தெரியாத பூனைகூடக் கிடையாது.

ஆகவே, ஓட்டையில்லாத அந்த டப்பா டோரினின் கையில் கிடைக்கக் கூடாது. அது ஒன்றுதான் எட்கருக்கு இப்போது உலகத்தில் ஆகவேண்டிய காரியம்.

மறுநாள்தான் ஜூன் மாத முதல் ஞாயிறு, அவர்களுடைய விருந்து. இரண்டாம் உலகப் போரில் ஒரே விமானத்திலிருந்து பிரான்சில் பாராசூட்டில் குதித்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கிளப்பின் நீள மேசையில் மதியம் சாப்பிடுவார்கள். எப்படிக் குதித்தார்களோ அந்த வரிசையில்தான் உட்கார வேண்டும். யாராவது செத்துப்போனால், விமானத்தில் செய்ததைப் போலவே, பின்னால் இருப்பவர்கள் ஒரு நாற்காலி முன்னால் நகர்ந்துகொள்வார்கள். பதினைந்து பேர் உட்கார்ந்த மேசையில் இப்போது மூன்றே பேர். முதலில் எட்கர். அடுத்து கிளிஃபர்ட் பாராக்ளஃப், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வாயை மூடத் தெரியாதவர். அதற்கடுத்து நார்மன் சக்டன், கசாப்புக் கடைக்காரர், தொட்டால் அழுகிறவர்.

கடைசி நாற்காலி சார்ஜண்ட் அக்ராய்டுடையது. எல்லோரையும் கதவு வழியே அனுப்பிவிட்டுக் கடைசியாகக் குதித்தவர் அவர். போன ஜனவரியில் போய்விட்டார். முன்னால் நகரலாம், பின்னால் நகர்கிற வழக்கம் கிடையாது. அதனால் அந்த நாற்காலி இந்த வருடம் காலி.

சாப்பாட்டுக்கு நடுவே ஒவ்வொருவரும் வரிசைப்படி தன் கதையைச் சொல்ல வேண்டும். எட்கரின் கதை: இறங்கிய இருட்டில் ஒரு ஜெர்மன்காரனை மடக்கி, விடிகிற வரைக்கும் துப்பாக்கி முனையில் நிறுத்திவைத்தது. கிளிஃபர்டின் கதை: நாற்பது ஜெர்மன்காரர்களுக்கு எதிராகத் தனியாளாக ஒரு சந்துமுனையைக் காத்தது. நார்மனின் கதை: விடியும்வரை மரத்தில் கயிறு சிக்கித் தொங்கியது. ஒவ்வொரு கதை முடிந்ததும் எல்லாத் தலைகளும் கடைசி நாற்காலிப் பக்கம் திரும்பும். சார்ஜண்ட் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்துச் சாட்சி சொல்லுவார்.

எட்கருக்கு: "நான் பாத்தேன். அமைதியான ஜெர்மன்காரன். கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசல."

கிளிஃபர்டுக்கு: "நின்ன எடத்த விட்டு ஒரு அடி நகரல."

நார்மனுக்கு: "பாவம், கைதான் ரொம்ப வலிச்சிருக்கும்."

வருடா வருடம் அதே வார்த்தைகள், ஒரு எழுத்துகூட மாறாமல்.

ஞாயிறு காலை பத்து மணிக்கே எட்கர் கோட்டு மாட்டினார்.

"ஒரு மணிக்குத்தான சாப்பாடு?" என்றாள் டோரின்.

"நாற்காலி எடுத்துப் போடணும்."

"அம்பது வருஷத்துல நீ ஒரு நாற்காலிய நகத்தி நான் பாத்ததில்ல."

"அதான் இன்னிக்கு ஆரம்பிக்கிறேன். நீ நார்மன் கார்ல வந்துரு."

கோட்டுப் பையில் குறடு கனத்தது.

கிளப் கூடத்தில் பொம்மை மேசையோரம் உட்கார்ந்திருந்தது. பிரெண்டா அதைச் சுற்றி நாலு வாளி மணல் வைத்திருந்தாள். வைக்கோல் திணித்த சாக்குத் துணி, கை இரண்டும் பக்கவாட்டில் விறைப்பாக, கண்ணும் மூக்கும் இல்லாத உருண்டை முகம். ஜெர்மன்காரர்களைக் குழப்புவதற்காக அவர்கள் குதித்த இரவில் நிறையப் பொம்மைகளை வானத்திலிருந்து போட்டிருந்தார்கள். குழம்புவது யார் என்பதை மட்டும் யாரும் தீர்மானிக்கவில்லை.

எட்கர் அதை மடியில் போட்டுக்கொண்டு கம்பியைக் குறட்டால் பிடித்து இழுத்தார். பிரெஞ்சு விவசாயி கட்டிய கட்டு, லேசில் வரவில்லை. கவிழ்த்துப் போட்டு முழங்காலால் அழுத்தினார். பொம்மை வழுக்கியது. பிடிக்கப் போனவர் அதோடு சேர்ந்து தரையில் உருண்டார். பொம்மையின் கை அவர் கழுத்தைச் சுற்றி வந்து சிக்கிக்கொண்டது.

"விடுடா சனியனே!" என்றார் மூச்சு வாங்க. "ஒரு தடவ உங்கிட்ட மாட்டுனது போதாதா?"

"யாரு யாரப் புடிச்சிருக்கீங்க?" என்றது கிளிஃபர்டின் குரல்.

வாசலில் கிளிஃபர்ட், நார்மன், டோரின், தட்டுத் துணியோடு பிரெண்டா. குண்டு இருக்கிறது என்று பிரெண்டா ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள். குண்டு என்றால் பழைய சிப்பாய்கள் வீட்டிலா இருப்பார்கள்? எங்கே வெடித்து முடிந்துவிடுமோ என்று இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்பி வந்துவிட்டார்கள்.

"பக்கத்துல வராதீங்க, ஆபத்து!" என்று எட்கர் தரையிலிருந்து கத்தினார்.

டோரின் மணல் வாளியைத் தாண்டி வந்தாள். அவர் கையிலிருந்த குறடைப் பிடுங்கி, ஒரே முறுக்கில் கம்பியை அறுத்தாள். டப்பாவை முந்தானை போலத் தொங்கிய தன் சால்வையில் துடைத்தாள். முன்னால் திருப்பினாள். பின்னால் திருப்பினாள். சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"ஓட்ட எங்க?" என்றாள்.

கிளிஃபர்டும் நார்மனும் எட்டிப் பார்த்தார்கள்.

"குண்டு போன ஓட்ட எங்க எட்கர்?"

மூடியைத் திறந்தாள். சிகரெட் ஒன்றுகூட இல்லை. மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த போட்டோவில் இருபது வயது டோரின் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எட்கர் கழுத்திலிருந்து பொம்மையின் கையை எடுத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். இனிச் சொல்வதற்குப் பொய் எதுவும் கைவசம் இல்லை.

"நான் யாரையும் புடிக்கல" என்றார். "எறங்கி எழுந்து பாத்தா எதுத்தாப்பல மரத்தடியில ஒருத்தன் நிக்கிறான். இருட்டு, கால் தெரியாத அளவுக்குப் புல்லு. துப்பாக்கிய கீழ போட்டுட்டுக் கைய தூக்கிட்டேன். அவன் ஒண்ணுமே பேசல. காத்தடிச்சா லேசா ஆடுவான். சுடப் போறான்னு நெனப்பேன். எனக்குத் தெரிஞ்ச ரெண்டு ஜெர்மன் வார்த்தையும் சொல்லிப் பாத்தேன். அம்மாவப் பத்திச் சொன்னேன். கல்யாணம் ஆகப்போவுதுன்னு சொன்னேன். அதுக்கும் பதில் இல்ல. சரி, ஏதாச்சும் குடுத்துப் பாப்போம்னு ஒரு கைய எறக்கி டப்பாவ எடுத்து, மெதுவா நடந்து போயி, மூஞ்சியப் பாக்க பயந்துகிட்டுத் தல குனிஞ்சு அவன் இடுப்புல சொருகிட்டு, திரும்ப வந்து கைய தூக்கிட்டேன். ரெண்டு மணி நேரம். சார்ஜண்ட் வந்து பொம்மைய விரலால குத்திக் காட்டுனாரு. டப்பா ஞாபகமே வரல. ஓடுனா போதும்னு ஓடிட்டேன்."

"என் போட்டோவையுமா சேத்துக் குடுத்த?" என்றாள் டோரின்.

"அவசரத்துல பிரிக்க முடியல."

கிளிஃபர்ட் கெக்கே பிக்கே என்று சிரித்து ஊரைக் கூட்டப் போகிறான் என்று எட்கர் கண்ணை மூடிக்கொண்டார். சத்தமே வரவில்லை. திறந்து பார்த்தால் கிளிஃபர்டின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"எந்தத் தோட்டம்?" என்றார் கிளிஃபர்ட். "இடிஞ்ச கல்லுச் சுவர் இருக்குமே, அதுக்கு அந்தப் பக்கமா?"

"ஆமா."

"சுவருக்கு அந்தப் பக்கம் கைய தூக்கிக்கிட்டு ஒருத்தன் நின்னானே… அது நீயா?"

"நீ எப்படிப் பாத்த?"

"அடப்பாவி! உன்ன யாரோ புடிச்சுட்டானுங்க, தோட்டம் பூரா ஜெர்மன்காரன்தான்னு நெனச்சு நானும்ல கைய தூக்குனேன்! உன் முதுகப் பாத்து ரெண்டு மணி நேரம்டா! நாப்பது பேரும் கெடையாது, நாலு பேரும் கெடையாது. ஒரு ஆப்பிள் பழம் தலையில விழுந்துச்சு, அதுதான் நான் பாத்த சண்ட!"

"ஜூன்ல ஏதுடா ஆப்பிள்?" என்றார் எட்கர்.

"சரி, பிஞ்சு. இப்ப அதுவா முக்கியம்?"

பின்னாலிருந்து விசும்பல் கேட்டது. நார்மன் கைக்குட்டையை எடுத்திருந்தார்.

"அப்ப எனக்கு முன்னால வேலிப் பக்கம் நின்னது கிளிஃபர்டா?" என்றார் நார்மன். "நான் மரத்துல தொங்கவே இல்ல. தரையிலதான் நின்னேன். கைய தூக்கிக்கிட்டு. சார்ஜண்ட்தான் வந்து கைய எறக்கிவிட்டாரு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குதித்த வரிசையிலேயே இறங்கியிருக்கிறார்கள், இறங்கிய வரிசையிலேயே சரணடைந்திருக்கிறார்கள். மாட்சிமை பொருந்திய மன்னரின் பாராசூட் படையில் மூன்று பேர், ஒரே ஒரு சாக்குக்கு.

"உங்கிட்ட சார்ஜண்ட் என்ன சொன்னாரு?" என்று எட்கர் மெல்லக் கேட்டார்.

"'கைய எறக்கு தம்பி, போதும். ரோட்டோரம் பள்ளத்துல போய் உக்காரு. இது நமக்குள்ளயே இருக்கட்டும்'னாரு" என்றார் நார்மன்.

"எனக்கும் அதேதான்" என்றார் கிளிஃபர்ட். "அதே வார்த்த."

எட்கருக்கும் அதே வார்த்தைதான். கடைசியாக இறங்கிய சார்ஜண்ட் வரிசையில் பின்னாலிருந்து நடந்து வந்து, ஒருவன் மானம் அடுத்தவனுக்குத் தெரியாமல், ஒவ்வொருவனாகக் கையை இறக்க வைத்து அனுப்பியிருக்கிறார். பிறகு ஐம்பது வருடம் இதே மேசையில் உட்கார்ந்து மூன்று புளுகையும் கேட்டிருக்கிறார். அவர் சொன்ன சாட்சியில் மட்டும் பொய்யே கிடையாது. ஜெர்மன்காரன் நிஜமாகவே ஒரு வார்த்தை பேசவில்லை. கிளிஃபர்ட் நின்ற இடத்தை விட்டு நிஜமாகவே நகரவில்லை. நார்மனுக்குக் கைதான் வலித்திருக்கும். எட்கருக்கு அந்த மனிதரின் மேல் தாங்க முடியாத அன்பு வந்தது. ஜனவரியில் சவப்பெட்டியைத் தூக்கியபோதுகூட இவ்வளவு வரவில்லை.

டோரின் மட்டும் இன்னும் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டோரின்…" என்றார் எட்கர். "மன்னிச்சுக்க. உன் டப்பா என் உசுர காப்பாத்தல."

"யாரு சொன்னா?" டோரின் டப்பாவைப் படக்கென்று மூடிக் கைப்பையில் போட்டாள். "நீ டப்பாவக் குடுத்த. அவன் சுட்டானா?"

"சுடல."

"அப்புறம் என்ன? காப்பாத்திருக்கு. நாளைக்கு மீன் கடையில நான் கதைய மாத்திச் சொல்லப் போறதில்ல. எழுந்திரு, கோட்டெல்லாம் வைக்கோல்."

அன்றைக்குப் பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரமும் புதினாச் சாறு ஊற்றிய பட்டாணியும். கதை சொல்லும் நேரம் வந்ததும் எட்கர் நடந்ததை நடந்தபடி சொன்னார், கிளிஃபர்ட் நாற்பது பேரைக் கழித்துச் சொன்னார், நார்மன் மரமே இல்லாமல் சொன்னார். ஒவ்வொரு கதைக்குப் பின்னும், பழக்க தோஷத்தால், மூன்று தலைகளும் காலி நாற்காலிப் பக்கம் திரும்பின.

கடைசியில் எட்கர் பீர் கோப்பையோடு எழுந்தார். "சார்ஜண்டுக்கு" என்றார்.

"கோப்பைய கீழ வை" என்றார் நார்மன். அவ்வளவு உறுதியான குரலில் நார்மன் பேசி யாரும் கேட்டதில்லை. "அவருக்கு அப்படி வேண்டாம்."

நார்மன் எழுந்து இரண்டு கைகளையும் தூக்கினார். கிளிஃபர்ட் தூக்கினார். எட்கரும் தூக்கினார், வலது தோள் பாதிக்கு மேல் எழும்பவில்லை, இருந்தாலும் விடவில்லை. மூன்று கிழவர்கள் காலி நாற்காலியைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

பட்டாணிச் சட்டியோடு வந்த பிரெண்டா கதவிலேயே நின்றுவிட்டாள். "வெடிக்கப் போவுதா?"

"இல்ல கண்ணு" என்றார் எட்கர். "சரணடையறோம்."

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று.

"எறக்கிரலாமா?" என்று கிளிஃபர்ட் உதட்டை அசைக்காமல் கேட்டார்.

"யாரு சொல்றது?" என்றார் நார்மன். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

எட்கர் பார்த்தார். கடைசி நாற்காலியில் யாரும் இல்லை. சொல்ல வேண்டியவர் போய்விட்டார் என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. இருந்தும் கையை அவர் இறக்கவில்லை.

டோரின் முட்கரண்டியைத் தட்டின் மேல் வைத்தாள்.

"கைய எறக்குங்க தம்பிகளா" என்றாள். "போதும்."

இறக்கினார்கள். பிரெண்டா பட்டாணி பரிமாறினாள்.