பெயர் ஓடும் நேரம்

என் கணவர் வில்ஃப்ரட் ட்ரான்டர் எத்தனையோ கொலைப் படங்களில் நடித்தவர். பெரும்பாலும் முதல் அரை மணியிலேயே பிணமாகிவிடுவார். தப்பிப் பிழைத்தால் போலீஸ்காரர், பேங்க் குமாஸ்தா, இப்படி ஏதாவது. கதாநாயகன் புருவத்தைத் தூக்கினால் பத்திரிகைக்காரர்கள் பத்தி பத்தியாக எழுதினார்கள். இவருக்கு ஒரு வரி கிடையாது. எனக்கு வயிறு எரியும். அவர் சிரித்துக்கொள்வார்.

இங்கிலாந்தில் எங்கள் ஊரான ஹேஸ்டிங்ஸ் தியேட்டரில் படம் முடிந்ததும் திரையில் நடிகர் பெயர்கள் ஓடும். அதன் பிறகு தேசிய கீதமான ராணி வாழ்த்துப் பாட்டு. பாட்டு தொடங்கிவிட்டால் அசையாமல் நிற்க வேண்டும், பஸ் போய்விடும். அதனால் கதை முடிந்த நொடியே சனம் கதவுக்கு ஓடும். என் கணவர் பெயர் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஓடி மறையும். நாங்கள் இருவர்தான் உட்கார்ந்து படிப்போம்.

பிறகு அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சையில் குரல் போய்விட்டது. அதற்கு முன் நடித்த கடைசிப் படம் எங்கள் ஊருக்கு வந்தபோது சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "போக வேண்டாம். என் பேர் யாருக்குத் தெரியும்?"

எப்போதும் சிரித்த மனுஷன் இப்படி எழுதியதை என்னால் தாங்க முடியவில்லை. நேராகத் தியேட்டரில் படம் ஓட்டும் பையன் கிளெக்கிடம் போனேன்.

"வாழ்த்துப் பாட்டை முன்னாடியே போட்டுடு. பேரு ஓடும்போதே."

"விளையாடுறீங்களாம்மா? முதலாளி என் தோலை உரிச்சிடுவாரு."

"உரிக்கட்டும். நான் தைச்சுத் தரேன்."

"உங்க வீட்டுக்காரர் செத்தாத்தான் படம் நல்லா ஓடும்னு..." என்று சிரிக்கத் தொடங்கியவன், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சிடுங்கம்மா. ஒரே ஒரு ஆட்டத்துக்குப் போடுறேன்."

வில்ஃப்ரடைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப் போனேன்.

படத்தில் அவர் அறை வாடகைக்கு விடுபவர். குடியிருப்பவனோடு தேநீர் குடிக்க உட்கார்கிறார். அவன் விரலில், படத் தொடக்கத்தில் கொலையான பெண்ணின் மோதிரம். இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கலக்கிக்கொண்டிருந்த ஸ்பூன் மட்டும் நிற்கிறது. பிறகு, ஒன்றுமே பார்க்காதவர்போல மெதுவாக மறுபடி கலக்குகிறார்.

"ஐயோ, இவருக்குத் தெரிஞ்சுபோச்சே!" என்றாள் பின்வரிசைப் பெண்.

படம் முடிந்தது. எல்லோரும் எழுந்தார்கள். பாட்டு ஒலித்தது. கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தவர் அப்படியே நின்றார். கதவருகே போனவர்கள்கூடத் திரும்பி நின்றார்கள். எல்லோர் முகமும் திரையைப் பார்த்திருக்க, கதாநாயகன் பெயர் போய், கடைசிக்குச் சற்று முன்னால் அது வந்தது: வீட்டுச் சொந்தக்காரர் - வில்ஃப்ரட் ட்ரான்டர்.

நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். பழைய பட்டாளத்துக்காரர், விறைப்பாகத்தான் நின்றார். உதடு மட்டும் நடுங்கியது.

பாட்டு ஓய்ந்ததும் பின்வரிசைப் பெண் தோழியிடம் சொன்னாள்: "ட்ரான்டராம்டி, அந்த ஸ்பூன் மனுஷன். எனக்கு இன்னும் நெஞ்சு படபடங்குது."

வில்ஃப்ரட் திரும்பினார். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. கையை உயர்த்தி, இல்லாத கோப்பையில் இல்லாத ஸ்பூனைக் கலக்கினார். நிறுத்தினார்.

அவள் கை வாய்க்குப் போனது. "நீங்களா!"

வெளியே பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் ஓடவில்லை.