காது மட்டும் தெரிந்த படங்கள்

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் காலையில் போக வேண்டும். அப்போதுதான் வாங்குகிறவருக்குத் தெம்பு இருக்கும், விற்கிறவருக்குப் பொறுமை இருக்கும். போட்டோக்காவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பகல் முழுக்க ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்து, "தாடையை இறக்குங்க, தோளை இறக்குங்க" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, பழைய லென்ஸ் கடை இருக்கிற கட்டடத்தின் மாடிப்படியில் கால் வைத்தபோது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. லிப்ட் இருக்கிறது. இருந்து என்ன செய்ய? அதன் கதவில் ஒட்டிய "பழுது" என்ற காகிதமே பழுதாகிக் கிழிந்து தொங்குகிறது.

தோளில் தொங்கிய பையில்தான் அந்தப் பெரிய கேமரா இருந்தது. அவளுடைய பழைய கேமரா உயிரை விட்டபோது, பத்திரிகை வேலையை விட்டுப் போன ஒரு போட்டோகிராபரிடமிருந்து வாங்கியது. மூலையெல்லாம் கறுப்புப் பூச்சு தேய்ந்து உள்ளே இருக்கிற உலோகம் தெரியும். ஆனாலும் அசல் தொழில்முறைக் கேமரா. புதிதாக வாங்க அவளுக்கு ஏழு ஜென்மம் ஆகும். அதைக் கையில் வாங்கிய அன்று தூக்கமே வரவில்லை அவளுக்கு. அதன் பிறகும்தான் வரவில்லை, அது வேறு காரணத்துக்காக.

காரணம் இதுதான். அந்தக் கேமராவில் எடுத்த படங்களில் காது தெரிகிறது, கண் தெரிவதில்லை. காதில் ஒவ்வொரு முடியும் ஊசி மாதிரி இருக்கும். கண்ணைப் பார்த்தால் கலங்கிப்போய் இருக்கும். படத்துக்குக் கண்தானே உயிர்? ஸ்டூடியோ முதலாளி ஒரு படத்தைப் பெரிதாகப் போட்டு மேஜையில் எறிந்து, "காது குத்துற கடைக்கா படம் எடுத்தே?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள். வேறு என்ன செய்வாள்?

நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக உட்காரவைத்து எடுக்க வேண்டும். "இந்தத் தடவையும் காது மட்டும் தெரிஞ்சா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிற மனுஷன் அவர். அங்கே அவளுக்கு முன்பு கேமரா பிடித்த பெரியவர் ஒருநாள் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். "கண்ணாடி போட்டவரை நம்பி ஆர்டர் எடுக்க முடியாது" என்று அவரைக் கல்லாவில் உட்காரவைத்தார் முதலாளி. கொஞ்ச நாளில் கல்லாவிலிருந்து வீட்டுக்கு. அந்த இடத்துக்குத்தான் இவள் வந்தாள். அதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

அதனால்தான், "ஒரு தடவை கண் டாக்டரைப் பாரேன்" என்று வீட்டுக்காரர் எப்போது வாயைத் திறந்தாலும் அவர்மேல் பாய்ந்தாள். கண்ணுக்கு ஒன்றுமில்லை. லென்ஸ்தான் சரியில்லை. அப்படித்தான் இருந்தாக வேண்டும்.

கடை ஒரு நீளமான அறை. இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரி, அதற்குள் மூடி போட்ட லென்ஸ்கள் வரிசையாக. ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல் கட்டி ஒரு சீட்டு. கடைசியில் குழல்விளக்குக்குக் கீழே ஒரு பெஞ்சு, அதில் கழற்றிப் போட்ட திருகுகளும் ரப்பர் வளையங்களும். கடைக்காரர் மூக்கு நுனியில் கண்ணாடியோடு ஒரு லென்ஸின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தத்தைக் கேட்டே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

"வாங்க போட்டோக்கா. எதைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கீங்க?" அவளைவிட வயதில் மூத்தவர்தான். ஊரே அப்படிக் கூப்பிடுவதால் அவரும் அக்கா என்றே கூப்பிடுவார்.

"திருப்பிக் கொடுக்க இல்லண்ணே. வாங்கத்தான்."

"ஐயையோ, அது இதைவிட மோசமாச்சே!"

அவர் சலித்துக்கொண்டதில் நியாயம் இருந்தது. அவள் வாங்கிப்போன முதல் லென்ஸ் கனமாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. அடுத்தது நிறம் மஞ்சளாக விழுகிறது என்று. அதற்கடுத்தது வளையம் இறுக்கமாக இருக்கிறது என்று. எல்லாம் நொண்டிச் சாக்கு. எந்த லென்ஸில் எடுத்தாலும் கண்ணில் போகஸ் விழவில்லை என்ற ஒரே உண்மையை மட்டும் அவள் சொல்லவில்லை. சொன்னால், "உங்க கண்ணு எப்படிக்கா இருக்கு?" என்று அடுத்த கேள்வி வருமே!

"மகளுக்கு மாப்பிள்ளை பாக்கிறவங்ககூட இவ்வளவு குறை சொல்ல மாட்டாங்க" என்று முனகிக்கொண்டே நாலைந்து லென்ஸ்களை எடுத்துத் துணிமேல் வைத்தார். "எல்லாம் உங்க கைக்கு அடக்கமான விலைதான். பாருங்க."

அவள் ஒன்றை எடுத்து டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். பூஞ்சை இல்லை. இன்னொன்றின் சீட்டைத் தூக்கிப் பிடித்தாள், கையை இன்னும் நீட்டினாள். "என்னண்ணே இவ்வளவு பொடியா எழுதியிருக்கீங்க? எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"எப்பவும் எழுதுற மாதிரிதானே எழுதியிருக்கேன்?"

"லைட்டு பத்தல இங்க. டியூபை மாத்துங்க."

கடைக்காரர் விளக்கை அண்ணாந்து பார்த்தார். அது போன வாரம்தான் மாற்றியது. சீட்டை வாங்கி விலையைப் படித்துச் சொன்னார். உள்ளே ஒரு தூசி இருக்கிறது, அதனால்தான் மலிவு, படத்தில் அந்தத் தூசி தெரியாது என்பதையும் சொன்னார். அதற்குள் அவருக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது.

"ஆமா, உங்க பழைய லென்ஸ் போயிடுச்சு தெரியுமா? அதான், கெட்டுப்போச்சுன்னு கொடுத்தீங்களே."

அந்த லென்ஸ்! அவள் கல்யாணத்துக்கு முன்னாலேயே சம்பாதித்துப் புதிதாக வாங்கிய ஒரே சாமான் அது. பழைய கேமராவில் எத்தனையோ முகங்களைப் பார்த்த லென்ஸ். பெரிய கேமராவில் மாட்டியதும் அதுவும் காதைப் பிடிக்க ஆரம்பித்தது. கெட்டுப்போனதை ஒளிக்கக்கூடாது என்று, "போகஸ் பின்னாடி போகுதுண்ணே, சீட்டுல எழுதிடுங்க" என்று அவளே சொல்லிப் பாதி விலைக்கும் கீழே கொடுத்தாள். அவள் வார்த்தையை நம்பி அவரும் அப்படியே எழுதிப் பழுதுக் கூடையில் போட்டார்.

"யாரு வாங்கினது?"

"யாரோ ஒரு தம்பி. கெட்டதுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், பரவாயில்லன்னு தூக்கிட்டுப் போனான். நேத்து வந்து, அதே மாதிரி இன்னொண்ணு இருக்கான்னு கேக்கறான்! எடுத்த படத்தையெல்லாம் காட்டினான். அடேயப்பா, ஒவ்வொரு கண்ணும் கண்ணாடி மாதிரி இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியலக்கா."

போட்டோக்காவுக்குப் புரிந்துவிட்டது. லென்ஸ் நல்லது என்றால், கெட்டது எது? அவள் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையிலிருந்த லென்ஸைப் பத்திரமாகத் துணிமேல் வைத்தாள். இனி எந்தச் சாக்கையும் தேடுவதற்கு உடம்பில் தெம்பு இல்லை.

"அண்ணே, நான் திருப்பிக் கொடுத்ததுல ஒண்ணும் கனமும் இல்ல, மஞ்சளும் இல்ல. எதுல எடுத்தாலும் காதுதான் விழுது. கண்ணுலதான் போகஸ் புள்ளியை வெச்சு அமுக்கறேன், எனக்கு அப்படித்தான் தோணுது. ஆனா..."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றாமலே அவளை நிமிர்ந்து பார்த்தார். "இதை முதல் நாளே சொல்லியிருந்தா என்னக்கா? என்னமோ வளையம் இறுக்கம், அது இதுன்னு! கேமராவைக் கொடுங்க."

கேமரா மாட்டுகிற முக்காலியை இழுத்து நடுவில் வைத்து, அதில் கேமராவைப் பொருத்தினார். தூசி இருக்கிற அந்த மலிவு லென்ஸை மாட்டினார். "நீங்க அந்த ஸ்டூலை முன்னாடி இழுத்துப் போட்டு உக்காருங்க. நான் அமுக்கறேன். உங்க கண்ணுக்கு இதுல வேலை இல்ல."

"என்னையா எடுக்கப் போறீங்க? மூஞ்சியெல்லாம் எண்ணெய் வழியுதே!"

"கல்யாணப் படமா எடுக்கறோம்? சும்மா உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். அவர் புள்ளியை அவள் கண்ணில் வைத்து அமுக்கினார். படத்தைக் கணினியில் போட்டுப் பெரிதாக்கினார். காது! கம்மலில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. கண் கலங்கல். வேறு லென்ஸை மாட்டினார், காது. இன்னொன்று, மறுபடியும் காது.

"அண்ணே! நீங்க எடுத்தாலும் காதுதானே?" அவள் ஸ்டூலைவிட்டு எழுந்தே விட்டாள். போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப என் கண்ணு இல்ல! என் கண்ணு இல்லண்ணே!"

"உங்க கண்ணுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு, அவர் கேமராவின் மெனுவுக்குள் இறங்கினார். அவள் ஒருநாளும் அந்த ஆழத்துக்குப் போனதில்லை. பெரிய இடத்துக் கேமரா தப்பு செய்யாது என்ற மரியாதை ஒரு பக்கம். எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக இருந்தது இன்னொரு பக்கம். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றார். தலையில் அடித்துக்கொண்டார்.

எந்த லென்ஸை மாட்டினாலும் போகஸைக் கொஞ்சம் பின்னால் தள்ளச் சொல்லும் ஓர் அமைப்பு அது. பழைய சொந்தக்காரர் அதைக் கடைசி அளவு வரைக்கும் ஏற்றிவைத்திருந்தார். அவர் லென்ஸ் எங்கோ விழுந்து அடிபட்டு, கண்ணை விட்டுவிட்டு அதற்கு முன்னால் இருக்கிற மூக்கைப் பிடித்திருக்கும். கூட்டத்திலும் குழப்பத்திலும் ஓடித் திரிந்த மனுஷன், லென்ஸை ரிப்பேருக்குக் கொடுக்க நேரமில்லாமல் கேமராவை அதற்கேற்ப வளைத்துவிட்டார். விற்கும்போது நிமிர்த்த மறந்துவிட்டார். ஒரு நொண்டி லென்ஸுக்காகச் சொன்ன பொய்யை, அந்தக் கேமரா நல்ல லென்ஸ்களுக்கெல்லாம் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"பூஜ்யத்துல வெச்சுட்டேன். உக்காருங்க" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். ஆனால் வந்த சந்தோஷம் வந்த வேகத்தில் வடிந்துவிட்டது. என் லென்ஸை நானே கெட்டதென்று சொல்லி, நானே சீட்டு எழுதவைத்து, நானே அநியாயத்துக்குக் கொடுத்துவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அது இப்போது யாரோ ஒரு தம்பியின் பையில் கிடந்து, ஊரில் உள்ள கண்களையெல்லாம் பளிச்சென்று பார்த்துக்கொண்டிருக்கிறது. திருப்பிக் கேட்க முடியுமா? எந்த முகத்தோடு கேட்பது? அந்த நினைப்பு முகத்தில் ஓடும்போதுதான் அவர் அமுக்கினார்.

"வந்துடுச்சு!" கேமராவை முக்காலியிலிருந்து கழற்றி, பின்பக்கத் திரையில் கண்ணைப் பெரிதாக்கி அவள் கையில் கொடுத்தார். "பாருங்க. இமை முடியை ஒவ்வொண்ணா எண்ணலாம்."

அவள் பார்த்தாள். எண்ணுவதற்கு ஒன்றும் தெரியவில்லை. கறுப்பாக ஏதோ கசங்கி இருந்தது. கண்ணை இடுக்கினாள். வெளிச்சத்துப் பக்கம் திரும்பினாள்.

"ஆமாண்ணே, நல்லா இருக்கு" என்றாள்.

கடைக்காரர் அவளையே பார்த்தார். கேமராவை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கினார். கண்ணை வைத்துப் பார்க்கிற வியூபைண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை விரலால் தொட்டார். பார்க்கிறவர் கண்ணுக்குத் தக்கபடி திருகிக்கொள்ள வைத்தது அது. ஒரு பக்கமாகக் கடைசிவரை போய் முட்டி நின்றது.

"இதைத் திருகினது யாரு? அந்தப் பத்திரிகைக்காரரா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அது அவள் வேலைதான். யாருக்கும் தெரியாமல், கொஞ்சம் மங்கும்போதெல்லாம் கொஞ்சம், இன்னும் மங்கினால் இன்னும் கொஞ்சம். இனிமேல் திரும்ப அதற்கு இடமில்லை.

அவர் தன் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து நீட்டினார். ஒரு காம்பில் பசை போட்டு ஒட்டியிருந்தது. அவள் அதை வாங்கி மாட்டிக்கொண்டு, கேமராவையும் வாங்கித் திரையைப் பார்த்தாள்.

இமை முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அதோடு மற்றதும் தெரிந்தது. கண்ணின் வெள்ளையில் ஓடிய சிவப்பு, கீழே வீங்கிய பை, நெற்றியில் என்றைக்கு வந்ததென்றே தெரியாத கோடுகள். ஊராரின் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள், தன் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! இவ்வளவு களைத்துப்போயா இருக்கிறேன் என்று அவளுக்கு அவள்மேலேயே இரக்கம் வந்தது.

"பேசாம காது மட்டும் தெரியற மாதிரியே விட்டிருக்கலாம்ணே" என்றாள். கடைக்காரர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போது கண்ணில் நீர் முட்டிக் கண்ணாடி மங்கியது.

பையில் போன் அடித்தது. ஸ்டூடியோ முதலாளி. அவர் எப்போதும் வணக்கம் வைத்துப் பேசுகிறவர் அல்ல.

"லென்ஸ் கிடைச்சுதா இல்லையா? நாளைக்குப் பிள்ளைங்க கண்ணு தெரியுமா?"

"தெரியும் சார். லென்ஸ் கிடைச்சுது." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தாள். ஆனால் ஒளித்து ஒளித்து அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "நான் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் சார் வருவேன். இனிமே அப்படித்தான். படத்தைப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் காதில் வைத்துக்கொண்டே நின்றாள். அவர் வைத்துவிட்டாரா, சிக்னல் போய்விட்டதா என்று தெரியவில்லை. திரும்ப அடித்துக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. போனைப் பையில் போட்டாள்.

கடைக்காரரின் கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். தூசி இருக்கிற அந்த மலிவு லென்ஸைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள்.

"இது போதும்ணே, இதைத் திருப்பிக் கொண்டு வர மாட்டேன்" என்றாள். "கீழ ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கே, அதை எப்ப சாத்துவாங்க?"