ஏழாம் நம்பர் தறியின் பழுதுகள்

தை மாதம் ஒன்பதாம் தேதி காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, அருப்புக்கோட்டை ஐயாத்துரையின் விசைத்தறிக் கூடத்தில், ஏழாம் நம்பர் தறி மின்சாரம் இல்லாமல் தானாக ஓடி, அரைச் சாண் துணி நெய்துவிட்டு நின்றது. மெயின் சுவிட்சு இறக்கியிருந்தது. மீட்டர் ஒரு புள்ளிகூட நகரவில்லை. கூடத்தைத் திறக்க வந்த சௌந்தரம், இருபது வருடமாகத் துணியில் பழுது தேடி சாக்பீஸால் வட்டம் போடுகிறவள், ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடா இங்கும் அங்கும் போய்வருவதை இடுப்பில் கைவைத்தபடி ஐந்து நிமிடம் பார்த்தாள். பிறகு அந்த அரைச் சாணைச் சோதித்து, முதல் தரம் என்று எழுதி, மற்ற தறிகளுக்கு சுவிட்சு போட்டாள். மறுநாளும் அதே நேரம், அதே அரைச் சாண். பேயாக இருந்தால் இந்நேரம் பாவு நூல் அறுந்திருக்கும் என்று ஐயாத்துரை சொன்னார், தெருவும் அதை ஒப்புக்கொண்டது.

அது தங்கமாரியின் நெஞ்சு என்று தெரியப் பதினோரு நாள் ஆயிற்று. தங்கமாரி கூடத்துக்குப் பின்வீட்டுப் பெண், கல்லூரியில் கடைசி வருடம், ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். அவளுக்குப் பயிற்சி கொடுத்த துர்காதேவி டீச்சர், தை எட்டாம் தேதி மாலைதான் அவளிடம் ஒரு நெஞ்சுப் பட்டையைக் கொடுத்திருந்தார். எழுந்ததும் அதைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பட்டை அளந்து டீச்சரின் போனுக்கு அனுப்பும். பதினோராம் நாள் தறி தறிகெட்டு ஓடி நாலு இழையை அறுத்தது. அதே சமயம் பட்டையைக் கழற்றாமலே பின்வாசல் வழியாகக் கூடத்துக்குள் வந்த தங்கமாரி, பந்தல்குடி பஸ்ஸைத் தவறவிட்டதாகக் கனவு கண்டதாகச் சொன்னாள். சௌந்தரம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடாவைப் பார்த்தாள். ஒரு துடிப்பு, ஒரு இழை. அதற்கு மேல் யாரும் சாட்சி கேட்கவில்லை. அன்று மாலையிலிருந்து கூடம் பூட்டும்போது ஏழாம் நம்பரின் நாடாவுக்குள் ஒரு முழுத் தார், குச்சியில் சுற்றிய ஊடு நூல், போட்டு வைப்பது சௌந்தரத்தின் வேலையாயிற்று.

அந்தத் தெரு செய்த தப்பை அந்தத் தெருவைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. அங்கே பிறந்த குழந்தைகூடத் தறிச் சத்தத்தில்தான் தூங்கும். சத்தம் ஒரு மயிரிழை பிசகினால் விழித்து அழும். தறி என்றால் ஒரே சீராக அடிக்க வேண்டும், இழைக்கும் இழைக்கும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும், மற்றதெல்லாம் பழுது. தங்கமாரி எவ்வளவுக்கெவ்வளவு ஓடினாளோ அவ்வளவுக்கவ்வளவு அரைச் சாண் துணி சீராகிக்கொண்டே வந்தது. காலையில் பாலவனத்தம் வரை போய்வந்தாள், மத்தியானம் தார் சுற்றினாள், சாயங்காலம் காய்ந்த கண்மாயைச் சுற்றினாள், அதற்குப் பிறகு பரீட்சைக்குப் படித்தாள். மாசி பிறந்தபோது துணி கண்ணாடி மாதிரி இருந்தது. மோட்டார்கூட இப்படி அடிக்காது என்று ஐயாத்துரை பூரித்துப்போய் அவள் வீட்டுக்குக் காராச்சேவு கொடுத்தனுப்பினார். டீச்சரின் போன் மட்டும் நாளுக்கு நாள் சிவப்பு காட்டியது. ஓய்வெடு என்று அவர் சொல்லிப் பார்த்தார். நேற்று வந்த போனையா நம்புவது, பிறந்ததிலிருந்து கேட்கிற தறியையா? தங்கமாரி தறியை நம்பினாள்.

விருதுநகரில் நடந்த மாவட்டப் போட்டியில் எட்டாவது சுற்று வரை முன்னால் ஓடியவள், அதற்குப் பிறகு கரிசல் சேற்றில் கால் மாட்டிக்கொண்டதுபோல் ஓடினாள். முன்னால் போன ஒருத்தி தடுக்கி விழுந்ததால் இரண்டாவதாக வந்து மாநிலப் போட்டிக்குத் தப்பிப் பிழைத்துத் தேறினாள். இருபத்து மூன்று வயதுக்குட்பட்டவர்கள் பிரிவில் அவளுக்கு அதுதான் கடைசி வருடம். மாநிலத்தில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி, இல்லாவிட்டால் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தார் சுற்ற வேண்டியதுதான். பஸ்ஸில் திரும்பும்போது, பாலவனத்தம் தாண்டியதும் அழுதாள்.

மறுநாள் துர்காதேவி டீச்சர் கூடத்துக்கு வந்து, அதுவரை நெய்த அரைச் சாண்களையெல்லாம் தேதி வாரியாகச் சோதனை மேசையில் பரப்பச் சொன்னார். பக்கத்தில் போனை வைத்துக்கொண்டார். தங்கமாரி நரிக்குடியில் அத்தை வீட்டுக் கிடாவெட்டுக்குப் போய் இரண்டு நாள் ஓடாமல் தின்று தூங்கிவிட்டு வந்த மறுநாள் காலையில், போன் பச்சை காட்டியிருந்தது. அந்தத் துணியில் இழைகள் நெருங்கியும் விலகியும் காற்றடித்த மணல்போல அலையலையாகக் கிடந்தன. சௌந்தரம் அதில் பத்தொன்பது பழுது வட்டம் போட்டு, கழிவு என்று எழுதியிருந்தாள்.

“இதுதான்க்கா அவ நல்லா இருந்த நாளு” என்றார் டீச்சர்.

“என்ன டீச்சர் சொல்றீக? கோணக்கோணயாவுல இருக்கு.”

“கோணலாத்தான் இருக்கணும். நெஞ்சு தறி இல்லக்கா. ஆட்டோ ஓட்டுறவுக ஹேண்டில லேசா ஆட்டிக்கிட்டே போவாகல்ல? இறுக்கிப் பிடிச்சாகன்னா பயந்துட்டாகன்னு அர்த்தம். மூச்ச இழுத்தா துடிப்பு கொஞ்சம் வெரசா வரணும், விட்டா கொஞ்சம் தாமசமா வரணும். படுத்துக் கெடக்கும்போதே ஒரே சீரா அடிச்சா, ஒடம்பு இன்னும் ஓடிக்கிட்டே இருக்குன்னு அர்த்தம்.”

சௌந்தரம் மேசையைப் பார்த்தாள். முதல் தரம், முதல் தரம், முதல் தரம் என்று வரிசையாக அவள் கையெழுத்தே கிடந்தது. அவள் வாழ்நாளில் துணியைத் தப்பாகச் சோதித்தது அந்த ஒரு மாதம்தான். மூக்கைச் சிந்திவிட்டுச் சாக்பீஸை எடுத்து, கூடத்துக் கதவில் எழுதினாள்: பழுது இல்லாத நாளில் தங்கமாரி ஓடக்கூடாது.

மாநிலப் போட்டிக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது. தெரு மொத்தமும் ஒரு பெண்ணைச் சும்மா இருக்க வைக்கிற வேலையில் இறங்கியது. அவள் பங்குத் தாரை வீட்டுக்கு ஒரு கூடையாகப் பிரித்துச் சுற்றினார்கள். பங்குனிப் பொங்கலுக்குக் கட்டிய ரேடியோ குழாய்களைக் கண்மாய்ப் பக்கம் திருப்பிவைத்ததில், அந்த வருடம் பக்திப் பாட்டு முழுவதையும் கொக்குகள்தான் கேட்டன. திருச்சுழி பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்காமல் ஊர்ந்து போனது. தங்கமாரிக்குச் சும்மா இருப்பது ஐயாயிரம் மீட்டரைவிடக் கஷ்டமாக இருந்தது. நாலாம் நாள் தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று குடத்தோடு போனவள், குடத்தைக் கருவேல மரத்தடியில் வைத்துவிட்டுக் கண்மாயை ஆறு சுற்று சுற்றினாள். மறுநாள் தறி வழக்கத்தைவிட வேகமாக அடித்து அதைச் சொல்லிவிட்டது. ஐயாத்துரை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்.

“ஏ புள்ள, நேத்து எங்க போன?”

“தண்ணிக்கு அண்ணாச்சி.”

“ஆறு ரவுண்டு போயா தண்ணி எடுத்த?”

பரோட்டா தின்றாலும் தெரிந்தது, தோழியோடு சண்டை போட்டாலும் தெரிந்தது. இந்தத் தெருவில் மனுஷியால் ரகசியமாக ஒரு கோபம்கூடப் பட முடியவில்லை என்று அவள் டீச்சரிடம் புலம்பினாள். ஆனாலும் தூங்கினாள். பத்தாம் நாள் துணியில் ஒரு பழுது வந்தது, பதினைந்தாம் நாள் ஆறு. துணி கோணுகிற நாளில் டீச்சர் அவளை வேகமாக ஓடவிட்டார், சீராகிற நாளில் நடக்கவிட்டார். சௌந்தரம் காலையில் வட்டத்தை எண்ணிச் சொல்லும் வரை டீக்கடையில் யாரும் இரண்டாவது டீ சொல்வதில்லை.

போட்டி திருச்சியில். தங்கமாரி முதல் நாளே போய்விட்டாள், நூற்றெண்பது கிலோமீட்டர் தூரம். அங்கே அவள் படுத்திருக்க, இங்கே ஐந்து பத்துக்குத் தறி ஓடியது. தெருவே கூடத்துக்குள் நெருக்கியடித்து நின்றது. சௌந்தரம் பூதக்கண்ணாடியை வைத்து வட்டம் போட்டாள். பதினெட்டு, இருபத்தைந்து, முப்பத்தாறு. நாற்பத்தொன்றில் சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. என் சர்வீஸில் இப்படி ஒரு கேவலமான துணியைப் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள்.

“தாயி, துணி படு கோணல். நீ ஓடு.”

மாலை நாலு மணிக்கு ஓடிக்கொண்டிருந்த மற்ற தறிகளை ஐயாத்துரை தானே நிறுத்தினார். திருச்சியில் தங்கமாரி பட்டையோடு ஓடத் தொடங்க, இங்கே ஏழாம் நம்பர் தானாகக் கிளம்பியது. தார் தீரத் தீர, நாடா நிற்கும் முன்பே மாற்றிக்கொடுத்தார்கள். பதினாறு நிமிடத்துக்கு மேல் அது அடித்த அடியில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் விழுந்தது. துணி தண்ணீர் ஊற்றினாலும் இறங்காதபடி நெருக்கமாக, ஒரே சீராக வந்தது. சண்டை போடும்போது சீராக இருக்கலாம், படுத்திருக்கும்போதுதான் கூடாது என்று சௌந்தரம் எல்லோருக்கும் விளக்கினாள். கடைசியில் சட்டென்று வேகம் தணிந்தது. இழைகள் விலகின, நெருங்கின, ஒன்றன்மேல் ஒன்று துள்ளி விழுந்தன. சிரிக்கிறாள் என்றாள் சௌந்தரம். டீச்சரின் போன் வந்தது அதற்கு இரண்டு நிமிடம் கழித்து: இரண்டாம் இடம். அந்த ஒன்றரை கெஜத்தை ஐயாத்துரை மாலையாகப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்.

அதற்குப் பிறகு அகில இந்தியப் போட்டியில் ஐந்தாவதாக வந்தாள், ரயில்வேயில் வேலை கிடைத்து மதுரைக்குப் போனாள், இன்னும் காலையில் பட்டை கட்டுகிறாள், இன்னும் ஓடுகிறாள். ஏழாம் நம்பர் தறியில் வேறு துணி எதுவும் போடுவதில்லை. தெருவில் இப்போது நல்லா இருக்கியா என்று யாராவது கேட்டால், கோணலா இருக்கேன் என்றுதான் பதில் வருகிறது. பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டுக் குழம்பியதும் உண்டு. போன ஐப்பசியில் ஒரு காலை அரைச் சாணில் ஒரு பழுதுகூட இல்லை. ஏழு மணி மதுரை பஸ்ஸில் ரசத்தோடும் கஷாயத்தோடும் சௌந்தரத்தையும் சேர்த்துப் பதினான்கு பேர் ஏறினார்கள். வெறும் காய்ச்சல்தான். “தெருவையே கூட்டிட்டு வரணுமாக்கா?” என்று போர்வைக்குள்ளிருந்து கேட்ட தங்கமாரி, பதினான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். மறுநாள் காலை ஐந்து பத்துக்கு நாலு பழுது விழுந்தது. சௌந்தரம் நாலுக்கும் வட்டம் போட்டு, முதல் தரம் என்று எழுதிவிட்டு, மற்ற தறிகளுக்கு சுவிட்சு போடப் போனாள்.