மாடியிலிருந்து மூன்று படம்

என் பெண் கீர்த்தி கூட்டத்தில் தொலைந்த அன்று நான் செய்த காரியத்தை நினைத்தால், இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

தொண்ணூற்று நாலு பங்குனி. மயிலாப்பூரில் அறுபத்து மூவர் திருவிழா. மாட வீதிகளில் ஒரு வண்டி கிடையாது. சைக்கிளைக்கூடப் போலீஸ் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ரோடு முழுக்க மனிதத் தலைகள். ஒரு வாரப் பத்திரிகைக்குப் படம் எடுக்க, விடியற்காலையிலேயே பாத்திரக்கடை மாடியைப் பிடித்துவிட்டேன். அந்த இடத்துக்காகக் கடைக்காரரிடம் ஒரு வாரம் கெஞ்சியவன், லேசில் இறங்குவேனா?

மூன்று மணி இருக்கும். டெலி லென்ஸில் கீழே மேய்ந்துகொண்டிருந்தபோது மோர்ப் பந்தல் அருகே ஒரு குழந்தை மாட்டியது. புது மொட்டை, தலை முகமெல்லாம் சந்தனம், வாய் கிழிய அழுகை. அடடா, படம் என்றால் இதுதான் படம்! அடுத்தடுத்து மூன்று எடுத்தேன்.

"எந்த மடையன் பெத்த பையனோ! கூட்டத்துல விட்டுட்டு எங்க வடை தின்னுட்டு இருக்கானோ!" என்று வாய்விட்டே திட்டினேன். பிறகு லென்ஸைப் பல்லக்குகள் பக்கம் திருப்பிவிட்டேன்.

படியில் தடதடவென்று யாரோ ஓடிவந்தார்கள். என் மனைவி தங்கபுஷ்பம். காலில் செருப்பில்லை.

"ஏங்க, கீர்த்தி இங்க வந்தாளா?"

"உன்கூடத்தானே இருந்தா?"

"மோர் வாங்கக் கையை விட்டேங்க. ஒரு நிமிசந்தான். பிள்ளையைக் காணோம்."

மூன்றரை வயதுக் குழந்தை, லட்சம் ஜனம். மறுபடி லென்ஸைக் கண்ணில் வைத்து, ரெட்டைப் பின்னல், ரெட்டைப் பின்னல் என்று முணுமுணுத்தபடி ஒவ்வொரு தலையாகத் தேடினேன்.

"என்னத்தப் பின்னலைத் தேடுதீங்க?" புஷ்பம் கத்தினாள். "காலையில வடபழனில மொட்டை போட்டுட்டுல்லா வாரோம்!"

தூக்கிவாரிப்போட்டது. தை மாதம் அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டவனே நான்தான். அது இன்றைக்குத்தான் என்பது படம் எடுக்கிற வெறியில் சுத்தமாக மறந்துபோயிருந்தது. ஐயோ முருகா, நான் எடுத்தது என் பிள்ளையையா!

எப்படி இறங்கினேன், யாரையெல்லாம் இடித்தேன், தெரியாது. பந்தலுக்கு முன்னால் குழந்தை இல்லை. மோர் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம், "மொட்டை போட்ட ஒரு குழந்தை..." என்றேன்.

"கபாலிகிட்ட கீது, பயப்படாத சார்" என்று உள்ளே கை காட்டினார்.

பெஞ்சில் ஒருவர் மடியில் கீர்த்தி. போன உயிர் திரும்பி வந்தது. கையை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மாவிடம் தாவினாள்.

கபாலி என் கழுத்தில் தொங்கிய கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதான் மேல இருந்தியா சார்? கொயந்த உன்னைக் காட்டிக் காட்டி அப்பா அப்பான்னு கத்திக்கினே இருந்திச்சு. நான்தான், அவரு உங்கப்பா இல்லம்மா, அப்பாவா இருந்தா எறங்கி வரமாட்டாரான்னு சொல்லிக்கினு இருந்தேன்."