வீட்டுக்குத் தூரம்

சிவசாமி மண்டியிலிருந்து வீடு திரும்பியபோது, அவருடைய தங்கை மருதாயி நடுக்கூடத்தில் சம்பங்கி மாலையும் கழுத்துமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. கைகள் இரண்டும் மடியில் கிடந்தன.

"ஐயோ, தங்கச்சி!" என்று அலறிய சிவசாமி துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

மருதாயி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "ஏண்ணே இப்ப அழுவுற? போன மாசமே அழுது முடிச்சிட்டியாமுல்ல?"

சிவசாமியின் மனைவி பிச்சையம்மாள் அடுப்படி நிலையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"என்னடி கூத்து இது? யாரு போட்டா மாலைய?"

"காலேசுலேருந்து வந்துச்சு. ஒரு வாத்தியாரு சைக்கிள்ல கொண்டாந்து குடுத்துட்டுப் போறாரு. நான் செத்துப்போனதுக்கு." மருதாயி மாலையைச் சரிசெய்துகொண்டாள். "புருசன் போன அன்னைக்கே என்னையப் பாதி சாகடிச்சாச்சு. பூ வைக்காத, கல்யாண வீட்டுக்கு வராத, எதுக்க வராதன்னு. மிச்சம் இருந்த பாதிய நீ காலேசுல போயி சாகடிச்சிட்டியாண்ணே?"

சிவசாமி மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பொன்னமராவதி சாலையில் இருந்த அந்த ஊரில், புதுக்கோட்டைக்குப் போய்க் காலேஜில் படித்த முதல் பெண் சிவசாமியின் மகள் செவந்திதான். அதில் சிவசாமிக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. மண்டியில் எள்ளின் விலையைக் கேட்டால்கூட, "எங்க பாப்பா பி.யு.சி. படிக்குது, எள்ளு என்ன வெலை?" என்றுதான் கேட்பார். ஆனால் அந்தப் பெருமைக்கு மாதா மாதம் மூன்று நாள் இடைஞ்சல் வந்தது. செவந்தி வீட்டுக்குத் தூரம் ஆகிவிடுவாள். அந்த வீட்டுப் பெண்கள் தூரமானால் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் இருந்த கீற்றுக் குச்சுக்குள் போய் உட்கார வேண்டும். தனித் தட்டு, தனிச் செம்பு, தனிப் பாய். மூன்று நாளும் யாரையும் எதையும் தொடக்கூடாது. அப்புறம் காலேஜுக்கு எப்படிப் போவது?

போகாததற்குக் காரணம் கேட்டது காலேஜ். பெற்ற தகப்பன் இதை எந்த வாயால் சொல்வான்? சிவசாமி சந்தைக்குப் போகும் சாக்கில் காலேஜ் ஆபீசுக்குப் போய் முதலில் காய்ச்சல் என்றார். அடுத்த மாதம் டைபாய்டு. அதற்கடுத்து, பிச்சையம்மாளுக்குக் கால் முறிந்துவிட்டது. மாடு முட்டியது, வீட்டில் தீப்பிடித்தது. காரணங்கள் தீர்ந்துபோன மாதத்தில் குமாஸ்தா பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க, சிவசாமி தலையைச் சொறிந்தார். "எந்தங்கச்சி மருதாயி... போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு தங்கையை நினைத்து அவருக்கே அழுகை வந்துவிட்டது. குமாஸ்தா தண்ணீர் கொடுத்தார்.

காலேஜில் மாணவர் நலனுக்கென்று ஒரு விரிவுரையாளரைப் போட்டிருந்தார்கள். அவர் பெயர் அடைக்கலம், ஆவூர்க்காரர், இளகிய மனசு. ஏழைப் பையன்களுக்குச் சம்பளச் சலுகை வாங்கித் தருவதும், காய்ச்சலில் படுத்தவனுக்கு ரொட்டி வாங்கிப் போவதும் அவர் வேலை. ஒரு குடும்பத்துக்கு மட்டும் அமாவாசை போல மாதம் தவறாமல் துன்பம் வருவதைப் பார்த்து அவர் உருகிப்போனார். கடைசியில் சாவும் விழுந்துவிட்டதே என்று, தன் செலவில் மாலை வாங்கி ஹேண்டில் பாரில் மாட்டிக்கொண்டு, எதிர்க்காற்றில் சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்தார்.

வாசலில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தவளிடம், "மருதாயி அம்மா வீடு இதுதானுங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"இதுதேன். என்ன வேணும்?"

"வர்றதுக்குத் தாமசமாயிருச்சு. மன்னிக்கணும். நல்ல ஆத்மாவாம். ரொம்ப நாளாப் படுக்கையில இருந்தாங்களோ?"

"யாரு?"

"மருதாயி அம்மா."

"நான் விடிஞ்சதுலேருந்து குனிஞ்சுக்கிட்டுல்ல கெடக்கேன். படுக்க யாரு விட்டா?"

அடைக்கலம் மாலையோடு அப்படியே நின்றார். கால் முறிந்ததாகச் சொல்லப்பட்ட பிச்சையம்மாள் இடுப்பில் குடத்தோடு அவரைத் தாண்டி விறுவிறுவென்று போனாள். தீப்பிடித்த வீட்டின் மேல் ஓடுகள் வரிசை கலையாமல் இருந்தன. அப்போதுதான் வைக்கோல் போர்ப் பக்கமிருந்து, "வணக்கம் சார்" என்று ஒரு குரல் கேட்டது. குச்சு வாசலில் பூகோளப் புத்தகத்தோடு செவந்தி எழுந்து நின்றாள். அவளுக்கு முன்னால் தனித் தட்டு, தனிச் செம்பு.

அடைக்கலமும் கிராமத்துப் பிள்ளைதான். பார்த்ததும் புரிந்துவிட்டது. காது வரைக்கும் சிவந்துபோனார். "திங்கக்கெழம அப்பாவக் கூட்டிக்கிட்டு பிரின்சிபாலைப் பார்க்கணும்மா. வருகை கொறஞ்சு போச்சு. இல்லாட்டி பரீட்சைக்கு உக்கார விடமாட்டாங்க" என்று வைக்கோல் போரைப் பார்த்துச் சொன்னார். மாலையை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல், யாருக்காக வாங்கினாரோ அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை சிவசாமி சலவை வேட்டி கட்டிக்கொண்டு மகளோடு பிரின்சிபால் அறைக்குப் போனார். அடைக்கலம் ஓரமாக நின்றார். பிரின்சிபால் மங்களூர்ப் பக்கத்து மனிதர். வேலைக்கு வந்த பிறகு தமிழைப் புத்தகம் வைத்துக் கற்றவர். அந்தத் தமிழில் இலக்கணப் பிழையே இருக்காது.

"காரணங்கள் எல்லாம் பொய் என்று அறிகிறேன். உண்மைக் காரணம் என்ன?"

சிவசாமி துண்டைப் பிசைந்தார். பிறகு, கேட்பவர் குடும்பஸ்தர்தானே என்று துணிந்து, "பொண்ணு தூரமுங்க" என்றார்.

"அப்படியா? எவ்வளவு தூரம்?"

"மூணு நாளுங்க."

பிரின்சிபால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மூன்று நாளா! நடந்தா வருகிறாள்?"

"நடக்கவெல்லாம் கூடாதுங்க. ஒரே எடத்துல ஒக்காந்துதேன் இருக்கணும்."

"உட்கார்ந்துகொண்டே எப்படி ஐயா வருவது?"

"அதுனாலதேங்க வாரதில்ல."

பிரின்சிபால் மணியை அடித்து, பியூனை அழைத்து, சுவரில் மாட்டும் தேசப்படத்தைக் கொண்டுவரச் சொன்னார். மேஜை மேல் படம் விரிந்தது. பொன்னமராவதி சாலையில் பென்சிலை ஓட்டினார். "இங்கிருந்து பஸ் இருக்கிறதே. மூன்று நாள் பிரயாணம் என்றால் பம்பாய்க்கே போய்விடலாம். அடைக்கலம், இந்தப் பெண்ணுக்குப் பஸ் சலுகை வாங்கிக் கொடுத்தீர்களா?"

"சார், அது வந்து... அந்தத் தூரம் இல்லை சார்."

"வேறு எந்தத் தூரம்?"

அடைக்கலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வேற தூரம் சார்."

பியூன் கூரையைப் பார்த்தான். சிவசாமி தன் கால் பெருவிரலைப் பார்த்தார். படித்தவர், படிக்காதவர், பெற்றவர் என்று அந்த அறையில் இருந்த அத்தனை ஆண்களும் ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் நின்றார்கள். செவந்திக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. கடைசியில், இதற்காகவா என் படிப்பு போகப்போகிறது என்று கோபம் வந்தது.

"எனக்கு மாதவிலக்கு சார்," என்றாள். "மாசாமாசம் எல்லாப் பொம்பளைகளுக்கும் வாரது. எங்க வீட்டுல அந்த மூணு நாளும் குச்சுக்குள்ள ஒக்கார வச்சிருவாங்க. எனக்குக் காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வகுப்புக்கு வர ஒடம்புல தெம்பு இருக்கு. வெளிய விடத்தான் ஆளு இல்ல."

பிரின்சிபால் படத்தை மெல்லச் சுருட்டினார்.

"எங்கள் ஊரில் 'வெளியே' என்போம்," என்றார் மெதுவாக. நேற்றிலிருந்து அவருடைய மனைவி கொல்லைத் தாழ்வாரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் அவர் இரண்டு வேளையாக விடுதியின் உப்புமாவைத் தின்றுகொண்டிருந்தார். அந்த உப்புமாவைப் பற்றி அவருக்கு நிறைய வருத்தம் இருந்தது. தாழ்வாரத்தைப் பற்றி இதுவரை எதுவும் தோன்றியதில்லை.

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நோய்க்கு மன்னிப்பு உண்டு, டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். நெருங்கிய உறவினர் மரணத்துக்கு உண்டு. பந்து விளையாடப் போனால் உண்டு. என்.சி.சி. அணிவகுப்புக்குக்கூட உண்டு. இதற்கு மட்டும் இடமில்லை.

"ஒரு வழி இருக்கிறது. அத்தை மரணம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. அது அப்படியே இருக்கட்டும். மற்ற மாதங்களுக்கும் யாராவது..." என்று சிவசாமியைப் பார்த்தார்.

சிவசாமி முகம் மலர்ந்தது. "மச்சினன் ஒருத்தன் இருக்கானுங்க."

"வேண்டாம் சார்," என்றாள் செவந்தி. "எங்க அத்தை உயிரோடதான் இருக்காங்க. மாலையக்கூடத் திருப்பிக் குடுக்கல. மாமாவும் நல்லா இருக்கட்டும். பொய் சொன்னாத்தான் பரீட்சைக்கு விடுவீங்கன்னா எனக்கு அது வேணாம்."

பிரின்சிபால் விதிப் புத்தகத்தை மூடினார். "அப்படியானால், இனி ஆண்டு முடியும் வரை ஒரு வகுப்புக்குக்கூட வராமல் இருக்கக் கூடாது. எந்த நாளிலும். அப்போதுதான் வருகை போதுமானதாகும்."

"வருவேன் சார்."

அடுத்த மாதம் அந்த நாள் வந்தது. செவந்தி குச்சுக்குப் போனாள். மறுநாள் காலையில் கிணற்றடியில் குளித்து, தாவணி மாற்றி, புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு குச்சிலிருந்து வெளியே வந்தாள்.

பிச்சையம்மாள் சாணிக் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தொட்டுத் தடுக்க முடியாது, தொட்டால் தீட்டு. கையை விரித்துக்கொண்டு கோழி பிடிப்பவள் போல முன்னாலும் பின்னாலும் ஓடினாள். "ஏண்டி, எங்கிட்டுடி போற? ஊரெல்லாம் தீட்டாக்கப் போறியா?"

"வீட்டுக்குத்தானேம்மா தூரம்? நான் வீட்டுக்குள்ள வரலையே. காலேசுக்குத்தான போறேன்."

பிச்சையம்மாள் கை விரித்தபடியே நின்றுவிட்டாள். முப்பது வருஷமாக அந்தக் குச்சுக்குப் போய் வருகிறவள். அந்த வார்த்தையை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. "என்னங்க, இங்கிட்டு வாங்க. ஒங்க மக சட்டம் பேசுறா!" என்று கத்தினாள்.

சிவசாமி வந்தார். பேசுவதற்கு அவர் வாயைத் திறக்குமுன் மருதாயி சோற்றுத் தூக்கோடு வெளியே வந்து, நேராகப் போய் செவந்தியின் கையைப் பிடித்து அதில் தூக்கைக் கொடுத்தாள்.

"அடி பாவி, தொட்டுட்டியே!" என்றாள் பிச்சையம்மாள்.

"செத்தவளுக்கு ஏது மதினி தீட்டு? அண்ணந்தான் காலேசுல எழுதி வச்சாச்சே." மருதாயி அண்ணனைப் பார்த்தாள். "நீ சொல்லுண்ணே. நான் இருக்கேனா, செத்தேனா? இருக்கேன்னா காலேசுல போயிப் பொய்யின்னு சொல்லு. செத்தேன்னா வழிய விடு."

சிவசாமி இரண்டையும் யோசித்துப் பார்த்தார். பிறகு வழியை விட்டார். அத்தையும் மருமகளும் கைகோத்துக்கொண்டு சாலைக்குப் போனார்கள். பஸ் வந்தது. "உள்ள போங்க, ஒட்டி நில்லுங்க, ஒட்டி நில்லுங்க" என்று எல்லோரையும் எல்லோர்மேலும் தள்ளினார் கண்டக்டர். செவந்தி ஒட்டியே நின்றாள்.

அன்றைக்குப் பிச்சையம்மாள் ஒரு வேலையும் செய்யவில்லை. ஏதோ நடக்கப்போகிறது என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஊறுகாய் ஜாடியைத் திறந்து முகர்ந்தாள். மணமாகத்தான் இருந்தது. மாடு கறவாது என்று நினைத்தாள். உழக்கு கூடவே கறந்தது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கிய செவந்தி குச்சுக்குள் போய் உட்கார்ந்து, பாடம் எழுதத் தொடங்கினாள்.

சற்றுத் தள்ளி நின்று பிச்சையம்மாள் கேட்டாள்: "அங்கன யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"பேரு கூப்பிட்டாங்க. இருக்கேன்னேன். அவ்வளவுதாம்மா."

"ஒக்கார எடம்?"

"பொண்ணுகளுக்குன்னு தனி ரூம்பு இருக்கு. பெஞ்சி, தண்ணிப் பானை, மேல சுத்துற பேன்."

"பேனா?" என்றாள் பிச்சையம்மாள்.

சில நாட்கள் கழித்து அவளுடைய முறை வந்தது. காலையில் செவந்தி பஸ்ஸுக்குக் கிளம்பியபோது, குச்சுக்குள்ளிருந்து பிச்சையம்மாள் கண்டாங்கிச் சேலையைத் திருத்திக்கொண்டு வெளியே வந்தாள். மகள் முகத்தைப் பார்க்காமல் அவளுக்கு முன்னால் சாலையை நோக்கி நடந்தாள்.

அன்று முழுவதும் அவள் காலேஜில் பெண்கள் ஓய்வறையில் இருந்தாள். மணி அடித்தபோதெல்லாம் பெண்கள் கூட்டமாக உள்ளே வந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், அவள் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி அவள் தோளில் கை வைத்து, "கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா" என்றாள். இந்த நாளில் ஒரு மனிதக் கை தன்மேல் பட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவளுக்கு நினைவில்லை. தள்ளிக்கொண்டாள். பிறகு பேனுக்குக் கீழே பெஞ்சில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டாள். கதவருகே எட்டிப் பார்த்த அடைக்கலம், விஷயம் புரிந்தும் புரியாமலும், பியூனிடம் சொல்லி ஒரு கப் காபி அனுப்பிவைத்தார்.

வீட்டில் மருதாயி சமைக்க மறுத்துவிட்டாள். செத்தவள் சமைப்பதில்லை என்றாள். சிவசாமி தானே கஞ்சி காய்ச்சி, அடிப்பிடித்ததைச் சுரண்டித் தின்றார்.

இரண்டாம் நாளும் அப்படியே போயிற்று. அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பிச்சையம்மாள், சந்தையில் வாங்கிய வடையில் பாதியை மகளுக்குக் கொடுத்தாள்.

"நாளைக்கும் இந்த பஸ்ஸுதேன?"

"நாளைக்கு லீவும்மா. சனிக்கெழம."

பிச்சையம்மாள் வடையைக் கடிக்காமல் திரும்பினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு கோபத்தைச் செவந்தி பார்த்ததே இல்லை.

"லீவா? அப்ப நாளைக்கு நான் அந்தக் குச்சுக்குள்ளயா போயி ஒக்காருறது? இது என்னடி அநியாயமா இருக்கு! கேக்குறதுக்கு ஆளே இல்லையா? அந்தப் பிரின்சிபாலு வீடு எங்கிட்டு இருக்கு, சொல்லு. நாளைக்கு நானே போயிக் கேக்குறேன்."