இருக்கையில் இல்லாதவளின் ஓட்டு

அரசு ஊழியர் பணிநேரக் கண்காணிப்பு மசோதா அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. வேலைக்கு வருவோரும் போவோரும் வாசல் இயந்திரத்தில் அட்டையைக் காட்டுதல் வேண்டும். ஒருவர் அட்டையை மற்றொருவர் காட்டினால் விசாரணையின்றி வேலை நீக்கம். முன்பே குற்றம் சாட்டப்பட்டோர்க்கும் இது பொருந்தும். அந்தக் கடைசி வரிதான், முதன்முறையாகச் சட்டமன்றத்துக்கு வந்திருந்த இளம் பெண் உறுப்பினரைத் தூங்கவிடவில்லை.

அவளுடைய அக்கா, அட்டை இயந்திரம் முன்பே வந்துவிட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலி. ஒரு தாய்க்கு உதிரம் நிற்காமல் பெருகிய நாளில், வந்ததும் வராததுமாகப் பிரசவ அறைக்குள் ஓடிய சக செவிலித் தோழியின் அட்டையை அக்கா இயந்திரத்தில் காட்டினாள். தாய் பிழைத்தாள். அக்காவுக்குக் குற்றப் பத்திரிகை வந்தது.

அவளுடைய ஆளுங்கட்சியின் கொறடா அவை வாசலிலேயே வழிமறித்தார்.

"பச்சை பட்டன். ஞாபகம் இருக்கட்டும். உங்க அக்கா விஷயத்த நான் பாத்துக்கறேன்."

"சட்டம் வந்தப்புறம் எப்படிப் பாத்துப்பீங்க?"

"அடுத்த தடவை சீட்டு வேணுமா, வேணாமா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தன் இருக்கையில் அமர்ந்து, வாக்கு இயந்திரத்தில் அட்டையைச் செருகினாள். பக்கத்து இருக்கையில் மூத்த உறுப்பினர் ஒருவர். அவையில் அவருக்கு வழங்கும் பெயர் 'மெத்தை', அமர்ந்தவுடன் கண்ணயர்ந்துவிடுவார். வாக்கெடுப்பு மணி அடித்தது. மசோதாவை ஆதரிக்கும் பச்சையை அமுக்க மனம் ஒப்பவில்லை. எதிர்க்கும் சிவப்பை அமுக்கத் துணிவு வரவில்லை. அட்டையைச் செருகியபடியே விட்டுவிட்டு எழுந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?" என்று அரைக்கண் திறந்தார் மெத்தை.

"தலை வலிக்குதுய்யா."

தாழ்வாரத்தில் நின்று அக்காவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"எதிர்த்துப் போட்டுட்டியாடி?"

"வெளிய வந்துட்டேன்க்கா. அப்படியும் போடல, இப்படியும் போடல."

"நைட் டூட்டி முடிச்சிட்டு, தூங்காம, உனக்காக ஓட்டுக் கேட்டு வீடு வீடா ஏறி இறங்கினேனே. இப்படி வெளிய நின்னு வேடிக்கை பாக்கவா? வை போனை!"

காதில் அறைந்தாற்போல் இணைப்பு அறுந்தது. தாழ்வாரத்துத் தொலைக்காட்சியில் முடிவு வந்தது: ஒரே வாக்கு வித்தியாசத்தில் மசோதா நிறைவேறியது. உறுப்பினர் பலகையில் அவளுடைய இருக்கைக்கு நேரே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

"என் பட்டனை அமுக்கினது யாரு?"

"நான்தாம்மா," என்றார் மெத்தை, நன்றியை எதிர்பார்க்கும் முகத்துடன். "கொறடாகிட்ட நீ திட்டு வாங்குவியேன்னுதான். இதுக்குப் போய் ஏன் குதிக்கிற? இங்க எல்லாரும் எல்லாருக்கும் செய்யறதுதானே?"

"எங்கக்கா செஞ்சதும் இதத்தான்யா! அவ சிநேகிதியாவது ஆஸ்பத்திரிக்குள்ள நின்னா. நான் இங்க இல்லவே இல்ல! உங்களுக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒண்ணா?"

"உட்காருங்க!" என்று அதட்டினார் அவைத் தலைவர். கொறடா கண்ணாலேயே எரித்தார்.

"உட்கார மாட்டேன். என் பேர்ல விழுந்த ஓட்டு நான் போட்டதில்ல. நீங்களே கொஞ்சம் தலைய நிமிர்த்திப் பாருங்க, இன்னும் எத்தனை காலி நாற்காலிக்கு முன்னால விளக்கு எரியுதுன்னு!"

அனைவரும் திரும்பிப் பார்த்தனர். பின்வரிசைகளில் ஆளற்ற இருக்கைகள் பச்சையும் சிவப்புமாக ஒளிர்ந்தன. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒருசேரத் தலைகுனிந்த அதிசயம் அன்றுதான் நிகழ்ந்தது. நேரலையில் ஊரே பார்த்துக்கொண்டிருந்தமையால் அவைத் தலைவருக்கு வேறு வழியில்லை. அட்டைகளை உருவச் சொன்னார். கைதூக்கி மறுவாக்கெடுப்பு என்றார். உணவகத்திலிருந்து சிலர் வாயைத் துடைத்தபடி ஓடி வந்தனர்.

கொறடா அவள் காதருகே குனிந்தார். "எதிர்த்துக் கை தூக்கினா, இன்னையோட உங்க கதை முடிஞ்சுது."

"முடியட்டும்."

எதிர்ப்போர் என்றவுடன் முதலில் உயர்ந்தது அவள் கைதான். அவைச் செயலாளர் வரிசை வரிசையாக நடந்து, நிமிர்ந்த கைகளை இருமுறை எண்ணினார். மசோதா தோற்றது. கொறடா அங்கேயே தொலைபேசியை எடுத்துக் கட்சித் தலைமையை அழைக்கலானார்.

"கையை இறக்கும்மா, எண்ணியாச்சு," என்று முணுமுணுத்தார் மெத்தை.

"இருக்கட்டும்யா. இந்தக் கையாவது என்னோடதுன்னு எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்."